பழைய ஜீப்பும் வீட்டுக் கராஜும்: வியாபாரி பார்க்க வேண்டிய கணக்கு

2020 மார்ச் மாதம் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில், 2022இல் டொலரின் பெறுமதி சுமார் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியதையும் நாம் கண்டோம். இறக்குமதி திறக்கப்பட்ட பின்னரும் வரிச்சுமை காரணமாகப் புதிய வாகனம் சிறு வியாபாரிக்கு எட்டாத பொருளாகவே இருக்கிறது. எனவே நமது ஊர்களில் பலரது பார்வை முற்றத்தில் தார்ப்பாய் போட்டு மூடிக் கிடக்கும் பழைய ஜீப்பின் மீது திரும்பியுள்ளது. வாப்பா காலத்து லேன்ட் ரோவர், தோட்டத்துரை விற்றுப் போன வில்லிஸ், 4டிஆர்5 டீசல் எஞ்சின் பூட்டிய மிட்சுபிஷி ஜீப், சுசுக்கி எஸ்ஜே410 என்று அவற்றில் பல ரகம்.

மலைநாட்டிலே மரக்கறி ஏற்றவும், ஹுன்னஸ்கிரியவிலிருந்து லூல்வத்தை வழியாக மீமுரேக்கு உல்லாசப் பயணிகளை ஏற்றி இறக்கவும், திஸ்ஸமகாராமையில் யால சரணாலயத்துக்கு சபாரி ஓடவும் இந்த வகை வாகனங்களே உதவுகின்றன. ஆகவே இது வெறும் பொழுதுபோக்கு விடயமன்று. பழைய ஜீப் ஒன்றை வீட்டிலேயே திருத்திச் சம்பாதிக்கலாமா என்று கடைக்கு வருகிற பலரும் என்னிடம் கேட்கிறார்கள். நான் ஹார்ட்வெயார் வியாபாரி, மெக்கானிக் அல்ல. ஆனால் இருபது வருடங்களுக்கு மேலாக ஒரு லேன்ட் ரோவரை எனது கையாலேயே பராமரித்து, அதைக் கொண்டே சிமெந்தும் தகரமும் விநியோகித்து வருகிறேன். அந்த அனுபவத்தையும் அதன் கணக்கையும் இங்கு பகிர்ந்து கொள்கிறேன்.

வாங்குவதற்கு முன்

லேன்ட் ரோவர் முதன்முதலில் 1948 ஏப்ரல் 30ஆம் திகதி ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமானது. யுத்தத்துக்குப் பின் இங்கிலாந்தில் உருக்கு பங்கீட்டில் இருந்ததால் அதன் உடலை அலுமினியக் கலவைத் தகட்டிலே செய்தார்கள். இந்தச் சரித்திரம் நமக்கெதற்கு என்று கேட்காதீர்கள். வாங்குபவர் ஏமாறும் இடமே இதுதான். உடல் அலுமினியம் என்பதால் அறுபது வருடமானாலும் செந்துரு பிடிக்காது. பெயின்ட் அடித்தால் பளபளக்கும். ஆனால் அதைத் தாங்கி நிற்கும் செசி உருக்கு. முன்னால் கால் வைக்கும் இடத்திலுள்ள நெருப்புத் தடுப்புச் சுவரும் உருக்கு. அலுமினியமும் உருக்கும் ஒட்டும் இடத்தில் ஈரம் தங்கினால் அலுமினியமும் வெண்தூளாகப் பொரிந்து போகும். மேலே மாப்பிள்ளை போல இருக்கும். கீழே உளுத்துப் போயிருக்கும்.

எனது மச்சான் ஒருவர் சில வருடங்களுக்கு முன் பண்டாரவளைப் பக்கம் ஒரு லேன்ட் ரோவரைப் பார்த்துவிட்டு வந்தார். சுற்றுலா ஹயர் ஓடுவது அவரது திட்டம். மகளின் கலியாணத்துக்கென்று சேர்த்து வைத்திருந்த பணத்தில் ஒரு பகுதியை எடுத்து முற்பணம் கொடுக்கத் தயாராக இருந்தார். "மச்சான், பொடி புதுசு மாதிரி, டயர் நாலும் புதுசு, வின்ச் கூட இருக்கு" என்றார். "செசியைத் தட்டிப் பார்த்தீங்களா?" என்று கேட்டேன். கீழே புதிதாகத் தார் பூசியிருந்ததாகச் சொன்னார். விற்பனைக்கு வரும் வாகனத்தின் அடியில் புதிய தார் என்றாலே நான் சந்தேகிப்பேன்.

மறுநாள் இருவரும் ஒரு சிறு சுத்தியலோடு போனோம். செசியின் நீளக் கட்டைகளைத் தட்டிக்கொண்டே போனால் நல்ல உருக்கு மணி போல ஒலிக்கும். அரித்த இடம் தகரப் பெட்டி போல மந்தமாகச் சத்தமிடும். பின்னாலுள்ள குறுக்குக் கட்டை, உடலைத் தாங்கப் பக்கவாட்டில் நீளும் கைகள், ஸ்பிரிங் பூட்டிய இடங்கள் ஆகிய மூன்றும்தான் முதலில் போகும். பின் ஸ்பிரிங் பூட்டிய இடத்தில் சுத்தியல் பட்டதும் தார் உடைந்து, உள்ளே துருச் செதில் கொட்டியது. விற்பவருக்கு முகம் மாறிவிட்டது. அந்த இடம் விட்டுப் போனால் பின் எக்ஸலே விலகிவிடும். அதுவும் எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு பள்ளத்தில் இறங்கும்போது. மச்சான் அந்த வாகனத்தை வாங்கவில்லை. ஆறு மாதம் பொறுத்து, பெயின்ட் உரிந்து, சீட் கிழிந்து, ஆனால் செசி உறுதியாக இருந்த ஒன்றைக் குறைந்த விலைக்கு எடுத்தார். அது இன்றும் ஓடுகிறது.

பெயின்ட், சீட், டயர் ஆகியவற்றின் குறை எல்லோருக்கும் தெரியும். அவற்றைக் காட்டி விலையைக் குறைக்கலாம். வாங்கிய பின் நாமே சீர்செய்யவும் முடியும். செசி, நெருப்புத் தடுப்புச் சுவர், எக்ஸல் உறைகள் பழுதென்றால் விலை எவ்வளவு குறைந்தாலும் திரும்பி வந்துவிடுவதே நல்லது.

நாளின் விலை

வீட்டிலே திருத்தினால் கூலி மிச்சம் என்று சொல்பவர்கள் ஒரு செலவை மறந்து விடுகிறார்கள். வாகனம் நிற்கும் ஒவ்வொரு நாளும் அது உழைத்திருக்கக் கூடிய பணம் போகிறது. ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். ஜீப் ஒன்று டீசலும் சாரதிச் சம்பளமும் போக நாளொன்றுக்கு 8,000 ரூபா தருகிறது என்று வைத்துக்கொள்வோம். கிளட்ச் தட்டு மாற்ற வேண்டும். கராஜில் கூலி 15,000 ரூபா, மூன்று நாள் வேலை. மூன்று நாள் உழைப்பு இழப்பு 24,000 ரூபா. ஆக மொத்தம் 39,000 ரூபா. அதையே நாம் கடை மூடிய பின் மாலை நேரங்களில் வீட்டில் செய்தால் எட்டு நாள் ஆகும். கூலி இல்லை; ஆனால் இழப்பு 64,000 ரூபா. உதிரிப்பாகத்தின் விலை இரண்டு பக்கமும் ஒன்றே என்பதால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

இப்போது அதே வேலையை ஓட்டமில்லாத காலத்துக்குத் தள்ளிப் போடுங்கள். யால முதலாம் வலயம் பெரும்பாலான வருடங்களில் வரட்சி காரணமாக செப்டம்பர் தொடங்கி சில வாரங்கள் மூடப்படுவதுண்டு. நக்கிள்ஸ் பக்கம் அடைமழைக் காலத்தில் பயணிகள் குறைவு. அந்த நாட்களில் வாகனம் நின்றாலும் இழப்பு இல்லை. அப்போது வீட்டு வேலைதான் இலாபம். எனவே எது வீட்டில் எது கராஜில் என்ற கேள்விக்கு விடை ஸ்பெனரில் மட்டுமில்லை, கலண்டரிலும் இருக்கிறது. எனது கடையில் வாகனத்துக்கென்று தனிக் கொப்பி ஒன்று வைத்திருக்கிறேன். திகதி, மைல், செய்த வேலை, போட்ட பாகம், செலவு, நின்ற நாள் என ஆறு நிரல். ஐந்து வருடக் கொப்பியைப் புரட்டினால் எந்தப் பாகம் எத்தனை மாதத்தில் தேய்கிறது என்று தெரிந்துவிடும். தேய்வதற்கு முன்பே, நமக்கு வசதியான நாளில், அதை மாற்றிக்கொள்ளலாம்.

முற்றத்தில் செய்யக்கூடியவை

முதலில் உயிர்ப் பாதுகாப்பு. பழைய லேன்ட் ரோவரின் ஹேண்ட் பிரேக் சில்லுகளைப் பிடிப்பதில்லை. கியர் பொக்ஸின் பின்னால் பின் ஷாப்ட்டைத்தான் பிடிக்கிறது. பழைய ஜீப்கள் பலவற்றிலும் இந்த முறைதான். கார் ஓட்டிப் பழகியவர்களுக்கு இது தெரியாது. பின்சில்லு ஒன்றை மட்டும் ஜெக்கில் உயர்த்தினால் என்ன நடக்கும்? ஷாப்ட் பிடிபட்டிருந்தாலும் டிபரன்ஷியல் காரணமாக உயர்ந்த சில்லு ஒரு பக்கம் சுற்ற, தரையிலுள்ள சில்லு மறுபக்கம் உருளும். ஹேண்ட் பிரேக் இழுத்தபடியே வாகனம் ஜெக்கிலிருந்து நகர்ந்து விழும். ஆகவே தரையிலுள்ள சில்லுகளுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை வைக்காமல் ஜெக்கைத் தொடவே கூடாது. உயர்த்திய பின் எக்ஸல் ஸ்டாண்டில் இருத்த வேண்டும். நான் சிமெந்து விற்பவன் என்ற முறையில் சொல்கிறேன், புளொக் கல்லின் மேல் வாகனத்தை இருத்தாதீர்கள். அது சுவரின் பரவலான பாரத்தைத் தாங்கச் செய்தது. எக்ஸல் ஒரே இடத்தில் அழுத்தும்போது முன்னறிவிப்பின்றிப் பொடியாகிவிடும்.

அடுத்தது ஸ்பெனர். ஆரம்பகால லேன்ட் ரோவர்களில் பழைய பிரித்தானிய மரை, பிந்தியவற்றில் அங்குல அளவு யூ.என்.எப். மரை, ஜப்பான் ஜீப்களில் மில்லிமீட்டர். அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். அதற்கு 13 மில்லிமீட்டர் ஸ்பெனர் போட்டால் பிடிப்பது போலிருக்கும், இரண்டு தரம் வழுக்கினால் நட்டின் மூலை உருண்டுவிடும். பிறகு வெட்ட வேண்டும். எந்த வாகனம் வைத்திருக்கிறோமோ அந்த அளவில் ஒரு நல்ல செட் வாங்குவது முதல் முதலீடு. பலர் கைமாறிய வாகனத்தில் மூன்று வகை மரையும் கலந்திருக்கும். கையால் மூன்று சுற்று இலகுவாக ஏறாத பொல்ட்டை ஸ்பெனரால் ஏற்றப் பார்க்காதீர்கள்.

ஒயில் மாற்றுதல், கிரீஸ் அடித்தல், பில்டர் மாற்றுதல், டீசல் பாதையில் காற்று எடுத்தல், ரேடியேட்டர் குழாய் மாற்றுதல், வால்வ் இடைவெளி சரிபார்த்தல் ஆகியவை பொறுமையுள்ள எவரும் பழகக்கூடிய வேலைகள். லேன்ட் ரோவரின் இரண்டேகால் லீற்றர் எஞ்சினில் வால்வ் இடைவெளி உள்வாங்கும் வால்வுக்கும் வெளியேற்றும் வால்வுக்கும் ஒன்றே, ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் பத்து. அதற்கான அளவுத் தகட்டின் விலை அற்பம். கராஜில் காத்திருக்கும் அரைநாள் அப்படியல்ல.

ஆற்றைக் கடக்கும் வாகனங்களுக்கு ஒரு விசேட வேலை இருக்கிறது. ஓடிச் சூடேறிய எக்ஸல் திடீரென்று குளிர்ந்த நீரில் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கும். அந்த இடத்தை நிரப்ப சீல் வழியாக நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். எக்ஸலின் மேலுள்ள சிறு மூச்சுக் குழாய் அடைபட்டிருந்தால் இது நிச்சயம் நடக்கும். நீர் கலந்த ஒயில் பால் தேநீர் நிறத்துக்கு மாறும். அதோடு தொடர்ந்து ஓடினால் பெயாரிங்கும் பல்சில்லும் துருப்பிடிக்கும். ஆழமான நீரில் இறங்கிய ஒவ்வொரு தடவையும் டிபரன்ஷியல் அடைப்பானைச் சற்றுத் தளர்த்திப் பாருங்கள். கனமான நீர் அடியில் தங்குவதால் முதலில் வருவது நீர்தான். கால் மணி நேர வேலை.

மின்சாரக் கோளாறுகள் பழைய வாகனத்தில் பத்துக்கு எட்டு தடவை எர்த் கோளாறுகளே என்பது எனது அனுபவம். வெளிச்சம் மங்கினால் பல்பையும் பெட்டரியையும் மாற்றுவதற்கு முன் எர்த் வயர் பூட்டிய இடத்தை உப்புத்தாளால் சுரண்டிப் பாருங்கள். அலுமினிய உடலில் பூட்டிய எர்த் அடிக்கடி விட்டுப் போகும்.

பாஸிடம் கொடுக்க வேண்டியவை

டீசல் பம்ப்பையும் இன்ஜெக்டரையும் வீட்டில் பிரிக்கக் கூடாது. அவற்றின் உள்ளிடைவெளி தலைமயிரைவிட மிக நுண்ணியது. ஒரு தூசி போதும். அளவுபார்க்கும் இயந்திரம் உள்ள டீசல் பம்ப் கராஜுக்கே அவை போக வேண்டும். சிலிண்டர் போர் பண்ணுதல், கிராங் அரைத்தல் லேத் கடை வேலை. செசியில் வெல்டிங் செய்வதை, செசி வெல்டிங்கில் பழகிய பாஸைத் தவிர வேறெவரிடமும் கொடுக்காதீர்கள். கேற் செய்பவரும் வெல்டிங் செய்பவர்தான். ஆனால் அவர் செய்த கேற்றில் எட்டுப் பேர் ஏறிப் பள்ளத்தில் இறங்குவதில்லை.

பிரேக் விடயத்தில் நான் கோடு ஒன்று போட்டு வைத்திருக்கிறேன். டிரம்மைச் சரிபண்ணுவது, அதாவது சில்லு உரசும் வரை இறுக்கி, உரசல் நீங்கும் அளவுக்கு மட்டும் தளர்த்துவது, வீட்டில். பிரேக் ஒயில் மாற்றுவதும் வீட்டில். இரும்புக் குழாய் மாற்றுவதும் மாஸ்டர் சிலிண்டரும் பாஸிடம். ஏனெனில் பழைய லேன்ட் ரோவர்களில் பெரும்பாலானவற்றில் நான்கு சில்லுக்கும் ஒரே பாதை. எங்காவது ஒரு குழாய் வெடித்தால் நான்கும் போய்விடும். புதிய வாகனங்களில் இருப்பது போல பாதி பிரேக்காவது மிஞ்சும் என்ற கதை இங்கு இல்லை.

பிரேக் ஒயில் என்று நாம் அழைப்பது உண்மையில் ஒயிலே அல்ல. இந்தப் பெயரால் விளைந்த சேதம் அதிகம். அவசரத்துக்கு எஞ்சின் ஒயிலையோ பவர் ஸ்டியரிங் ஒயிலையோ ஊற்றியவர்களைக் கண்டிருக்கிறேன். இரண்டு நாளில் இறப்பர் சீல்கள் எல்லாம் ஊதிப் பெருத்து, மாஸ்டர் சிலிண்டர் முதல் சில்லுச் சிலிண்டர் வரை அனைத்தையும் மாற்ற நேர்ந்தது. டொட் 3, டொட் 4 என்று போத்தலில் எழுதியிருப்பதே அதற்குரிய திரவம். இது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டொட் 3 குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் இருக்க வேண்டும் என்பது நியமம். ஈரம் கலந்தபின் அந்த எல்லை 140 பாகையாக விழுகிறது. நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அந்தச் சூடு எட்டக்கூடியதே. கொதித்தால் குழாயில் ஆவி. மிதித்தால் பெடல் தரை வரை போகும். ஆகவே திறந்து வைத்த பழைய போத்தலைச் சிக்கனம் கருதிப் பாவிக்காதீர்கள். இரண்டு வருடத்துக்கொரு தரம் முழுவதையும் மாற்றுங்கள்.

பழைய பிரேக் லைனிங்குகளில் கல்நார் இருக்கலாம். டிரம்மைக் கழற்றியதும் காற்றடித்து ஊதுவது நமது கராஜ்களின் கெட்ட பழக்கம். அந்தத் தூசி நுரையீரலுக்கு நஞ்சு. ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி எறியுங்கள். பிள்ளைகள் விளையாடும் முற்றம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

மாற்றியமைப்பதில் இலாபம் எது, அலங்காரம் எது?

பெரிய டயர், உயர்த்திய ஸ்பிரிங், கூரை மேல் கெரியர், வரிசையாக லைட்டுகள். வாலிபர்கள் முதலில் கேட்பது இவற்றைத்தான். வியாபாரி கேட்க வேண்டியதோ, இது ஒரு ஹயரையாவது கூட்டித் தருமா என்பதே. டயரின் விட்டம் நூற்றுக்குப் பத்து கூடினால் மீற்றர் 40 காட்டும்போது உண்மையில் 44இல் ஓடுகிறோம். ஏற்றத்தில் எஞ்சினின் இழுவிசை சுமார் நூற்றுக்கு ஒன்பது குறையும். இறக்கத்தில் பிரேக்கின் பிடியும் அதேயளவு குறையும். ஸ்பிரிங்கை உயர்த்தினால் ஷாப்ட்டின் கோணம் கூடி யூ-ஜொயின்ட் விரைவில் தேயும், பிரேக் ஹோஸ் இழுபடும், வாகனம் சாய்வில் புரளும் அபாயமும் கூடும். கூரை கெரியரில் ஏற்றும் ஒவ்வொரு மூட்டையும் அதே வேலையைச் செய்கிறது.

பணம் தரும் மாற்றங்கள் கண்ணுக்குத் தெரியாதவை. மூச்சுக் குழாய்களை உயரத்துக்கு நீட்டுதல், அடியில் மெழுகு அடித்தல், ஈரம் தங்கும் இடங்களில் வடிதுளை சுத்தம் செய்தல், முன்னும் பின்னும் உறுதியான இழுவைக் கொக்கி, பயணிகளுக்கு ஆசனப் பட்டி. சாரதிக்குக் கற்றுக்கொடுப்பதையும் இதில் சேர்ப்பேன். பழைய லேன்ட் ரோவரில் நான்கு சில்லு இழுவை போட்டால் முன்னும் பின்னும் இறுகிப் பிணைந்துவிடும். காய்ந்த தார் வீதியில் அப்படியே ஓடினால் வளைவுகளில் முன், பின் சில்லுகள் ஓடும் தூர வித்தியாசம் முழுவதையும் கியர்களும் ஷாப்ட்டும் தாங்க வேண்டி வரும். மஞ்சள் குமிழையும் சிவப்பு நெம்பையும் எப்போது தொடுவது, எப்போது விடுவது என்று தெரியாத சாரதி ஒரு மாதத்தில் ஒரு வருடத் தேய்மானத்தைத் தந்துவிடுவார்.

ஜப்பான் டீசல் எஞ்சின் ஏற்றுவது பற்றிப் பலர் கேட்கிறார்கள். எரிபொருள் மிச்சமாகும் என்பது உண்மை. ஆனால் பலம் கூடிய எஞ்சின் பின் எக்ஸலின் பாதி ஷாப்ட்டை உடைக்கும். அது இந்த வாகனங்களின் பிறவிப் பலவீனம். அதைவிட முக்கியம், எஞ்சின் இலக்கம் வாகனப் புத்தகத்தில் இருக்கிறது. பதிவு விவரத்தை மாற்றும் எந்த வேலையையும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் பதிந்துகொள்ள வேண்டும். புத்தகத்தில் ஒன்றும் வாகனத்தில் இன்னொன்றுமாக ஓடினால், விபத்தின்போது இன்சூரன்ஸ் கம்பனி கேட்கும் முதல் கேள்விக்கே பதில் இருக்காது. 2025 ஜனவரியில் "கிளீன் ஸ்ரீலங்கா" திட்டத்தின் கீழ் பொலிஸார் வாகனங்களில் பூட்டிய மேலதிகப் பாகங்களைக் கழற்றச் செய்தபோது, லைட்டுக்கும் கம்பிக்கும் செலவழித்தவர்கள் கழற்றவும் செலவழித்தார்கள்.

உதிரிப்பாகம் வாங்குதல்

பஞ்சிகாவத்தையிலும் தெல்கந்தையிலும் கிடைக்காத பாகம் குறைவு. ஆனால் பழைய பாகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். ஒரே வருட வாகனத்திலும் இரண்டு வகை இருப்பதுண்டு. சீல், பெயாரிங், பிரேக் இறப்பர், கிளட்ச் தட்டு ஆகியவற்றைப் புதிதாகவே வாங்க வேண்டும். பல்சில்லு, எக்ஸல் உறை, கதவு போன்றவை பாவித்தவையானாலும் குற்றமில்லை. எனது கடையில் ஒரு பிஸ்கட் டின் நிறைய இந்த வாகனத்தின் சிறு பாகங்கள் எப்போதும் இருக்கும்: ஒயில் சீல் நான்கு, யூ-ஜொயின்ட் ஒன்று, பிரேக் இறப்பர் செட் ஒன்று, விசிறி பெல்ட் ஒன்று, டீசல் பில்டர் இரண்டு. அதில் முடங்கியிருக்கும் பணம் ஒரு நாள் ஹயரின் வருமானத்துக்கு மேல் போகாது. மலைநாட்டிலிருந்து ஒரு சீலுக்காகக் கொழும்புக்குப் போய் வருவது ஒரு முழு நாள்.

கொப்பியையும் பற்றுச்சீட்டுகளையும் விற்கும் நாள் வரை பத்திரப்படுத்துங்கள். வாங்க வருபவரிடம் செசியைத் தட்டிப் பார்க்க நாமே சுத்தியலைக் கொடுத்து, வெல்டிங் செய்த இடம் இருந்தால் அதையும் காட்டி, கொப்பியை விரித்து வைத்தால் அவர் விலை பேசும் விதமே வேறாக இருக்கும். மச்சானின் ஜீப்பை வாங்க இரண்டு பேர் வந்து போயிருக்கிறார்கள். அவர் இன்னும் விற்கவில்லை. வருகிற அடைமழைக்குப் பின் ஹப் சீல்கள் இரண்டையும் மாற்றும் வேலை கொப்பியில் எழுதப்பட்டிருக்கிறது.